முகப்பூச்சின் கதை – 17: இமையில் ஏறிய சாயம்

1906 ஜூன் 30-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கலப்பட உணவையும் போலி மருந்தையும் தடுக்க அந்த நாடு கொண்டுவந்த முதல் பெரிய தேசியச் சட்டம் அது. வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி அதற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியிருந்தார். தின்பதும் குடிப்பதும் விழுங்குவதும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. தோலில் பூசுவது மட்டும் வரவில்லை. முந்தைய வரைவு ஒன்றில் அழகுப் பொருட்களும் சேர்க்கப்பட்டிருந்தன. மசோதா நிறைவேறினால் போதும் என்று நடந்த பேரத்தில் அந்த வரிகளை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

அப்போது அதைப் பெரிய இழப்பாக யாரும் நினைக்கவில்லை. 1906-இல் அமெரிக்காவில் கௌரவமான குடும்பத்துப் பெண் முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டாலே அதிகம். உதட்டுச் சாயமும் கண் மையும் நாடகக்காரிகளுக்கும் பாலியல் தொழிலாளிகளுக்கும் உரியவை என்று ஊர் பேசிய காலம். அடுத்த 20 ஆண்டுகளில் அந்தப் பேச்சு மாறிப்போனது. மாற்றியது சினிமா. போலந்திலிருந்து குடியேறிய யூத ஒப்பனைக்காரர் மேக்ஸ் ஃபாக்டர் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகைகளுக்குப் பூசியதை, அதே நகரத்தின் கடைப் பணிப்பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள். 1915-இல் சிகாகோவில் தொடங்கிய மேபெலின் நிறுவனம், அச்சு வில்லையாகச் செய்த இமை மையைச் சின்னத் தூரிகையோடு டப்பாவில் வைத்து விற்றது. தூரிகையை நனைத்து, வில்லையில் தேய்த்து, இமை முடியில் தடவ வேண்டும். 1920-களின் முடிவில் தெருவுக்குத் தெரு பியூட்டி பார்லர்கள் இருந்தன. அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள், துணிக்கடையில் அளந்து கொடுப்பவள், பள்ளி ஆசிரியை என்று எல்லோருடைய கைப்பையிலும் ஒரு பவுடர் டப்பா இருந்தது.

இவர்களை 'அலங்காரப் பைத்தியம்' என்று எழுதிய ஆண்கள் அன்றைக்கும் இருந்தார்கள். பின்னால் நடந்தவற்றுக்கு அந்தப் பெண்களின் ஆசைதான் காரணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து எனக்கு மிகவும் கோபம் தரும் வாதம் இதுதான். பளிச்சென்று வராத பணிப்பெண்ணை வேலைக்கு எடுக்காத முதலாளிகள் நிறைந்த ஊரில் அந்தப் பூச்சு சம்பளத்தோடு சேர்ந்த விஷயம். அப்படி இல்லாமல் வெறும் ஆசைக்காகவே ஒருத்தி பூசிக்கொண்டாலும், டப்பாவுக்குள் நஞ்சு இருந்தால் அது நஞ்சை வைத்தவன் செய்த குற்றம்.

வில்லை மையில் ஒரு தொல்லை உண்டு. வியர்த்தால் கரையும், அழுதால் கன்னத்தில் வழியும். தினமும் கழுவித் தினமும் தடவ வேண்டும். ஒருமுறை ஏற்றினால் வாரக்கணக்கில் நிற்கும் சாயம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று பெண்கள் நினைத்தார்கள். தலைமுடிக்கு அப்படிப்பட்ட சாயம் ஏற்கெனவே கடையில் இருந்தது. அதை இமைக்கும் கொண்டுவந்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. அப்படிச் சந்தைக்கு வந்த ஒன்றின் பெயர் லாஷ் லூர்.

அதில் என்ன இருந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பொருள் இன்றைக்கும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது மிஞ்சும் தாரிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் நூற்றுக்கணக்கான சாயங்களை எடுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தது பாரா-ஃபினைலின்டையமின், சுருக்கமாக பி.பி.டி. முதலில் விலங்குத் தோலின் ரோமத்துக்குச் சாயமேற்றப் பயன்பட்டது. பிறகு மனிதத் தலைக்கு வந்தது. அது வேலை செய்யும் விதம் கெட்டிக்காரத்தனமானது. பி.பி.டி.-யின் மூலக்கூறு மிகச் சிறியது, கிட்டத்தட்ட நிறமற்றது. முடியின் செதில்களுக்கு இடையே எளிதாக நுழைந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்தவுடன் முடிக்கு உள்ளேயே அது ஆக்ஸிகரணம் அடைந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரிய கருமையான மூலக்கூறாகிறது. நுழைந்த வழியாக வெளியே வர முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. அதனால்தான் ஷாம்பு போட்டாலும் போகாது. ஹேர் டை பாக்கெட்டில் இரண்டு குழாய்கள் தனித்தனியாக இருப்பதும், கலந்த பிறகு மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

முடிக்குள் நுழையும் அந்தச் சிறிய மூலக்கூறு தோலுக்குள்ளும் நுழையும். அங்கே உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. சிலருடைய நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்கின்றன. முதல் முறை பூசும்போது ஒன்றும் தெரியாமலே போகலாம். அடுத்த முறையோ, ஐந்தாவது முறையோ, பத்து வருஷம் கழித்தோ பூசும்போது அந்த நினைவு விழித்துக்கொண்டு தோல் சிவந்து, வீங்கி, கொப்புளித்து, நீர் வடியும். யாருக்கு எப்போது வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. இந்தத் தொல்லை தெரிந்தே ஜெர்மனி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைச்சாயத்தில் பி.பி.டி.-யைத் தடை செய்திருந்தது. மனித உடலில் மிக மெல்லிய தோல் கண் இமைத் தோல். அதற்கு அடுத்தது விழி. லாஷ் லூர்காரர்கள் பி.பி.டி.-யைக் கொண்டுபோய் வைத்த இடம் அது.

1933 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். பள்ளியின் பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தில் பாடுபட்ட ஒரு பெண்மணிக்குச் சங்கம் விருந்து வைத்துப் பாராட்டு நடத்த இருந்தது. அதற்குத் தயாராக அவர் அழகு நிலையத்துக்குப் போனார். தலைமுடி வேலை முடிந்ததும், இமைக்கும் புருவத்துக்கும் சாயமேற்றலாமே என்று அங்கே சொன்னார்கள். ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் கண் எரியத் தொடங்கியது. விருந்துக்குப் போய்வந்தார். மறுநாள் காலையில் இமைகளைத் திறக்க முடியவில்லை. முகம் வீங்கிக் கண்களைச் சுற்றிச் சீழ் வடிந்தது. கருவிழியில் புண் ஏறியது. பார்வை திரும்பவே இல்லை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்த ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெவ்வேறு ஊர்களிலிருந்து கண் மருத்துவர்கள் எழுதிய குறிப்புகள் வெளியாயின. எல்லாம் ஒரே கதை: இமைச் சாயம், எரிச்சல், வீக்கம், கருவிழிப் புண். பலருக்குப் பார்வை பாதியாகவோ முழுதாகவோ போனது. புளோரிடாவில் ஒரு பெண் நோய்த்தொற்று ரத்தத்தில் பரவி இறந்தே போனார்.

இத்தனைக்குப் பிறகும் லாஷ் லூர் கடையில் இருந்தது. உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு நிறுவனமான எஃப்.டி.ஏ.-வின் அதிகாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு புட்டியைக்கூட அவர்களால் கைப்பற்ற முடியவில்லை. லாஷ் லூர் உணவு அல்ல. நோய் தீர்ப்பதாக லேபிளில் எழுதவில்லை என்பதால் மருந்தும் அல்ல. 1906-இல் பேரத்தில் விட்டுக்கொடுத்த அந்த வரிகள் இல்லாததால் அதிகாரிகள் கைகட்டி நின்றார்கள். மக்களை எச்சரிப்பது ஒன்றுதான் அவர்களால் முடிந்தது.

அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு பொருள் இதே ஓட்டை வழியாக நுழைந்திருந்தது. கோரெம்லு என்ற முடி நீக்கும் கிரீம். மேலுதட்டு முடியும் கன்னத்து முடியும் நிரந்தரமாகப் போகும் என்று விளம்பரம். மலிவுச் சரக்கு இல்லை. ஒரு ஜாடி 10 டாலர், பெருநகரங்களின் பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். அதில் இருந்தது தாலியம் அசிடேட். அதே தாலியத்தை அன்று எலி மருந்தாகவும் விற்றார்கள்.

தாலியம் முடியை உதிர்க்கும் என்பது பொய் இல்லை. குழந்தைகளின் தலையில் வரும் படைக்கு மருத்துவம் செய்யும்போது முடியை உதிர்ப்பதற்காகச் சில தோல் மருத்துவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்து, சாவுகளைக் கண்டிருந்தார்கள். உடல் தாலியத்தைப் பொட்டாசியம் என்று நம்பி உள்ளே விட்டுவிடுகிறது. நரம்பு, தசை, முடிவேர் என்று பொட்டாசியம் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. ஆகவே கோரெம்லு தடவிய இடத்தில் நிற்கவில்லை. மேலுதட்டில் பூசிய பெண்களுக்குத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பாதம் எரிந்தது. கால் தளர்ந்து நடக்க முடியாமல் படுத்தவர்களும் உண்டு. சிலருக்குப் பார்வை மங்கியது. மருத்துவர்கள் காரணம் தெரியாமல் வாத நோய் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டு அலமாரியில் இருந்த அழகு ஜாடியைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 25 லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டஈடு கோரப்பட்டது. 1932-இல் நிறுவனம் திவாலானது. கொடுக்க அதனிடம் பணம் இல்லை. அரசு நிறுத்தியதால் நின்ற விற்பனை இல்லை அது. நோயாளிகள் வழக்குப் போட்டு நிறுத்திய விற்பனை.

1933 மார்ச்சில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தபோது வேளாண் துறையின் துணைச் செயலராக வந்தவர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர். எஃப்.டி.ஏ. அன்று வேளாண் துறையின் கீழ் இருந்தது. அதன் தலைவர் வால்டர் கேம்பெல் பழைய சட்டத்தின் ஓட்டைகளை எடுத்துச் சொன்னார். ஒட்டுப் போட்டுக் காலம் தள்ளாமல் சட்டத்தையே புதிதாக எழுதலாம் என்று முடிவானது. அந்த ஜூனிலேயே நியூயார்க் செனட்டர் ராயல் கோப்லண்ட் மசோதாவைத் தாக்கல் செய்தார். அவர் ஹோமியோபதி மருத்துவர்; கோட்டுக் காலரில் எப்போதும் ஒரு சிவப்பு கார்னேஷன் பூவோடு வருபவர்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. காப்புரிமை மருந்து விற்பவர்களும் அழகுப் பொருள் தயாரிப்பாளர்களும் விளம்பர நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். டக்வெல் கம்யூனிஸ்ட் என்றார்கள். இந்தச் சட்டம் வந்தால் சாமானியன் தனக்குத் தானே மருந்து பார்த்துக்கொள்ளும் உரிமை போய்விடும் என்றார்கள். பத்திரிகைகளில் பல, மசோதாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவற்றின் வருமானத்தில் பெரும் பங்கு இதே பொருட்களின் விளம்பரங்களிலிருந்து வந்தது.

பத்திரிகை எழுதாததை மக்களிடம் எப்படிச் சொல்வது? எஃப்.டி.ஏ.-வில் இருந்தவர்கள் ஒரு கண்காட்சி தயாரித்தார்கள். அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் ரூத் டிஃபாரஸ்ட் லாம்ப், நிறுவனத்தின் கல்விப் பிரிவு அதிகாரி. பெரிய பெரிய அட்டைகளில் புட்டிகளையும் ஜாடிகளையும் லேபிளோடு ஒட்டினார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விளம்பரம் என்ன சொன்னது, உண்மையில் என்ன நடந்தது என்பதற்கான சான்று. பான்பார் என்ற சர்க்கரை நோய் 'மருந்து' அவற்றில் ஒன்று. ஒரு பக்கம், அதைக் குடித்துக் குணமானேன் என்று நோயாளி எழுதிய நன்றிக் கடிதம். மறுபக்கம், அதே நோயாளி சர்க்கரை நோயால் இறந்ததற்கான இறப்புச் சான்றிதழ். ரேடியம் கலந்த 'சத்து நீர்', காசநோயைத் தீர்ப்பதாகச் சொன்ன தைலம், உடல் எடையைக் குறைக்கும் மாத்திரை என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் கோரெம்லு இருந்தது. லாஷ் லூர் அட்டையில் டேட்டன் பெண்மணியின் இரண்டு புகைப்படங்கள் இருந்தன. ஒன்றில் சாயத்துக்கு முன் எல்லோரையும் போல அமைதியாகப் பார்க்கும் முகம். மற்றதில் இமைகள் புண்ணாகி மூடிக்கிடக்கும் முகம்.

1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இந்த அட்டைகள் போயின. பார்த்த நிருபர் ஒருவர் இதை 'பயங்கரங்களின் அறை' என்று எழுத, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் கண்காட்சியைப் பார்த்து, அந்தப் பெண்ணின் படங்களுக்கு முன் கலங்கிப்போனார். செனட் விசாரணையில் கேம்பெல் அட்டைகளைக் காட்டியே சாட்சியம் சொன்னார். அரசுப் பணத்தில் அரசு ஊழியர்களே சட்டத்துக்கு ஆதரவு திரட்டுவதா என்று தயாரிப்பாளர்கள் கூச்சல் போட்டார்கள். லாம்ப் அதற்குப் பதிலாக, தன் சொந்த நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதினார். 1936-இல் 'அமெரிக்கப் பயங்கரங்களின் அறை' என்ற பெயரில் அது வெளிவந்தது. என்னைக் கேட்டால் அழகுப் பொருட்களின் வரலாற்றில் மேக்ஸ் ஃபாக்டருக்கும் எலிசபெத் ஆர்டனுக்கும் கொடுக்கும் இடத்தை லாம்புக்கும் கொடுக்க வேண்டும். அந்த இருவர் பெயரும் எல்லோருக்கும் தெரியும். லாம்பின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் பெண்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். பெண் வாக்காளர் கழகம், மனையியல் சங்கம், மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பு, பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், பெற்றோர்–ஆசிரியர் சங்கங்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல். கையில் கிடைத்துப் பதின்மூன்று ஆண்டே ஆன வாக்கை இவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இந்த மசோதா நல்ல சாட்சி. செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நேரில் போய்க் கேள்வி கேட்டார்கள். மசோதாவைத் தயாரிப்பாளர்கள் நீர்க்கச் செய்தபோது, இந்தத் தண்ணீர்ச் சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று எதிர்த்தும் நின்றார்கள். முகத்தில் பூசுவது பெண்களின் அற்ப விஷயம் என்று நினைத்திருந்த ஆண்கள் நிறைந்த சபையில், அது பொதுச் சுகாதாரம் என்று பேசவைத்தவர்கள் இவர்கள்.

ஆனாலும் மசோதா ஐந்து ஆண்டுகள் இழுபட்டது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் புது எண்ணோடு வந்து, புதிதாக வெட்டுப்பட்டு, கிடப்பில் போனது. கடைசியில் அதை நகர்த்தியது வேறொரு சாவு வரிசை.

1937 இலையுதிர் காலத்தில் டென்னஸி மாநிலத்தின் மருந்து நிறுவனம் ஒன்று, சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎதிலின் கிளைகால் என்ற திரவத்தில் கரைத்து, ராஸ்பெரி வாசனையோடு சிரப்பாக விற்றது. அந்தத் திரவம் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. விற்பதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 15 மாநிலங்களில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; பலர் குழந்தைகள். எஃப்.டி.ஏ. ஊழியர்கள் மருந்துக் கடைகளிலும் வீடுகளிலும் ஏறி இறங்கிப் புட்டி புட்டியாகத் திரும்ப வாங்கினார்கள். அதற்கும் அவர்களிடம் இருந்த ஒரே சட்டப் பிடி, லேபிளில் இருந்த 'எலிக்ஸிர்' என்ற சொல்தான். அப்படி எழுதினால் உள்ளே ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே லேபிள் பொய் என்று பிடித்தார்கள். வேறு பெயரில் விற்றிருந்தால் அதுவும் முடிந்திருக்காது. இதே டைஎதிலின் கிளைகால் நம் காலத்திலும் இருமல் மருந்தில் கலந்து குழந்தைகளைக் கொன்றிருக்கிறது என்பதால் இந்தக் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது.

நாடு கொதித்தது. 1938 ஜூன் 25-ஆம் தேதி ரூஸ்வெல்ட் உணவு, மருந்து, அழகுப் பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுகள் அதைச் சுமந்த கோப்லண்ட் அதைப் பார்க்கவில்லை. எட்டு நாட்களுக்கு முன், ஜூன் 17-ஆம் தேதி, அவர் காலமாகிவிட்டார்.

சட்டத்தின் பெயரிலேயே அழகுப் பொருள் ஏறிவிட்டது. தேய்க்கவோ, ஊற்றவோ, தூவவோ, தெளிக்கவோ, உடலில் வேறு எப்படியும் பூசவோ செய்யப்பட்டு, சுத்தம் செய்வதற்கும் அழகூட்டுவதற்கும் தோற்றத்தை மாற்றுவதற்கும் உரிய பொருள் எதுவும் அழகுப் பொருள் என்று விளக்கம் எழுதினார்கள். சோப்பை மட்டும் விலக்கினார்கள். பயன்படுத்துபவருக்குத் தீங்கு செய்யும் நஞ்சு எதுவும் அதில் இருக்கக் கூடாது. அந்தப் பிரிவு மற்றவற்றைப் போல ஓராண்டு காத்திருக்காமல் உடனே நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தின் கீழ் எஃப்.டி.ஏ. முதலில் கைப்பற்றிய பொருள் லாஷ் லூர்.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. அதே பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது.

தலைச்சாய வியாபாரம் அப்போதே பெரிய வியாபாரம். தீங்கு செய்யும் பொருளுக்குத் தடை என்று பொதுவாக எழுதினால் பி.பி.டி. போய்விடும். பி.பி.டி. போனால் கரையாத கறுப்புச் சாயம் என்று ஒன்றே இல்லை. ஆகவே நிலக்கரித் தாரிலிருந்து வரும் தலைச்சாயங்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, பெட்டியில் ஓர் எச்சரிக்கை இருக்க வேண்டும்: இதில் உள்ள பொருட்கள் சிலருக்குத் தோல் எரிச்சல் தரலாம், முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும், இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் பார்வை போகலாம். அந்த வாசகம் லேபிளில் இருந்தால் போதும். சாயம் தீங்கு செய்தாலும் அதைக் காரணம் காட்டி எஃப்.டி.ஏ. அதைத் தடுக்க முடியாது. இன்றுவரை அப்படித்தான்.

டேட்டன் பெண்மணிக்கு நேர்ந்தது சட்டத்தின் ஒரு வாக்கியமாக மாறியது. அந்த வாக்கியம் பெண்களின் இமையைக் காப்பாற்றியது. சாய நிறுவனங்களின் வியாபாரத்தையும் காப்பாற்றியது. எச்சரித்தாயிற்று, இனி உன் பாடு என்று பொறுப்பை வாங்குபவரின் தலையில் இறக்கிவைத்தது. நஞ்சைத் தடுப்பதற்குப் பதில் நஞ்சைப் பற்றி எழுதிவைப்பது என்ற வழக்கம் அழகுப் பொருள் உலகத்தில் இங்கேதான் உறுதியாக வேரூன்றியது என்று நான் நினைக்கிறேன்.

அந்த வாக்கியம் கடல் கடந்து நமக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்திலும் அழகுப் பொருள் இல்லை. 1962-இல் கொண்டுவந்த திருத்தம்தான் அதைச் சேர்த்து, மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் என்று பெயர் மாற்றியது. அழகுப் பொருள் என்றால் என்ன என்பதற்கு நம் சட்டம் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். தேய்க்க, ஊற்ற, தூவ, தெளிக்க என்று 1938-இன் அமெரிக்கச் சொற்கள் அதே வரிசையில் வரும். சோப்பை முதலில் விலக்கி வைத்ததுகூட அப்படியே. தலைச்சாயத்துக்கான விதியும் வந்தது: பி.பி.டி. போன்ற சாயப் பொருள் இருந்தால் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும்.

ஒரு ஹேர் டை பாக்கெட்டை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பின்பக்கம் பார்த்தால் அது தெரியும். முன்பக்கத்தில் கருகருவென்ற கூந்தலோடு சிரிக்கும் முகம் பாதி இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம், விலைக்கும் தயாரிப்பு மாதத்துக்கும் நடுவே, எறும்பு எழுத்தில் அந்த வரிகள். சோதனை செய்யும் முறை உள்ளே இருக்கும் மடித்த தாளில் இருக்கும். காதுக்குப் பின்னாலோ முழங்கை உட்பக்கத்திலோ சிறு இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கலந்த சாயத்தைக் கொஞ்சம் தடவி, காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை டை அடிப்பதற்கு முன்னும் செய்ய வேண்டும். நாளைக்குக் கல்யாணம் என்று இன்றைக்குச் சாயங்காலம் டை அடிப்பவர் இதை எப்போது செய்வார்? முடிதிருத்தும் கடையில் மீசைக்கு டை அடித்துவிட்டுக் கிண்ணத்தில் மிஞ்சியதைப் புருவத்திலும் இழுத்துவிடும் பழக்கம் நம் ஊர்களில் சர்வ சாதாரணம். அடிப்பவருக்கும் அடித்துக்கொள்பவருக்கும் அந்தக் கடைசி வரி ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

கறுப்பு மருதாணியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மருதாணி இலை கையில் செம்மண் நிறத்தையோ அடர் செம்பழுப்பையோ தரும். எவ்வளவு நேரம் வைத்தாலும் கன்னங்கறுப்பு வராது. பத்து நிமிஷத்தில் கறுக்கும் கோன் என்றால் அதில் இலை மட்டும் இல்லை, பெரும்பாலும் பி.பி.டி. சேர்ந்திருக்கிறது. சுற்றுலாக் கடற்கரைகளில் குழந்தைகளின் கையில் வரையும் தற்காலிகப் பச்சையிலும் இதுதான். வரைந்த கோட்டின் வடிவத்திலேயே கொப்புளம் எழும்பிய கைகளைத் தோல் மருத்துவர்கள் உலகம் முழுவதும் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி ஒருமுறை ஒவ்வாமை பதிந்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும். அந்தக் குழந்தை வளர்ந்து நாற்பது வயதில் முதல் நரையைப் பார்த்து டை அடிக்கும் நாளில் முகமே வீங்கலாம். 'இயற்கை', 'மூலிகை' என்று முன்பக்கத்தில் அச்சிட்டுவிட்டு உள்ளே பி.பி.டி. வைக்கும் மருதாணிப் பொடிகளும் விற்பனையில் இருக்கின்றன. வாங்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பொருட்பட்டியலைப் பாருங்கள் என்று வீட்டில் உள்ளவர்களிடம் நான் சண்டை போட்டே சொல்லிவருகிறேன்.

அந்தப் பொருட்பட்டியலும் சும்மா வந்ததில்லை. 1938-இன் சட்டம் அதைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் அழகுப் பொருள் பெட்டியின் மேல் உள்ளடக்கத்தை அச்சிட வேண்டும் என்பது 1970-களின் பிற்பகுதியில்தான் கட்டாயமானது. விற்பனைக்கு முன் ஒவ்வொரு அழகுப் பொருளையும் அரசு சோதித்து அனுமதிக்கும் முறை, மருந்துக்கு இருப்பதைப் போல, அங்கே இன்றும் கிடையாது. தீங்கு செய்யும் பொருளைக் கட்டாயமாகத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் எஃப்.டி.ஏ.-வுக்குக் கிடைத்தது 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால். லாஷ் லூருக்கும் அதற்கும் இடையே 89 ஆண்டுகள். தலைச்சாயத்துக்கு 1938-இல் கொடுத்த விலக்கை அந்தச் சட்டமும் தொடவில்லை.

லாஷ் லூர் டேட்டனில் விற்பனையான அதே காலத்தில், அட்லாண்டிக்கின் மறுகரையில் பாரீஸ் மருந்துக் கடைகளுக்கு இன்னொரு கிரீம் வந்தது. அதன் பெட்டியில் ரேடியமும் தோரியமும் சேர்ந்திருப்பதாக எச்சரிக்கை எதுவும் போடவில்லை. அதைத்தான் பெரிய எழுத்தில் விளம்பரமாகவே போட்டிருந்தார்கள். தயாரிப்போடு சேர்த்து விளம்பரப்படுத்தப்பட்ட மருத்துவரின் குடும்பப் பெயர் கியூரி. மேரி கியூரிக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.

தோ-ராடியா என்ற அந்தக் கிரீமின் கதை அடுத்த இதழில்.